கூடப் பிடிபட்ட வருமான வரியைத் திரும்பப் பெறுதல்: கணக்கும் கடதாசியும்

சம்பளத்திலோ வங்கி வட்டியிலோ பிடிபட்ட வரி போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். அதில் பாதிப் பேருக்காவது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வாசலை மிதிக்கவே தயக்கம். ஆனால் மேலதிகமாகச் செலுத்திய வரியைத் திருப்பிக் கேட்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தரும் உரிமை. யாருடைய தயவும் தேவையில்லை. தேவைப்படுவது இரண்டு: சரியான ஒரு கணக்கு, அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும் கடதாசிகள். கணக்கு எவருக்கும் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஆட்களைப் போட்டு அலைக்கழிப்பது கடதாசிதான்.

முதலில், வரி ஏன் கூடப் பிடிபடுகிறது? வரி பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் உங்கள் வருமானத்தில் ஒரு துண்டுதான் தெரியும். வேலை தருபவருக்கு அவர் தரும் சம்பளம் தெரியும். வங்கிக்கு அது தரும் வட்டி தெரியும். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான வரிமதிப்பாண்டு முழுவதும் உங்களுக்கு மொத்தமாக எவ்வளவு வந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வரியோ அந்த மொத்தத்தின் மீதுதான். 2025/2026 வரிமதிப்பாண்டிலிருந்து தனிநபர் நிவாரணம், அதாவது வரி போடாமல் விடும் தொகை, 1,800,000 ரூபாய். அதற்கு மேல் முதல் 1,000,000 ரூபாய்க்கு 6 வீதம், பிறகு ஒவ்வொரு 500,000 ரூபாய்க்கும் 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். முந்தைய 2024/2025 ஆண்டுக்குக் கேட்பவர்கள் இந்த எண்களைத் தொடக்கூடாது. அந்த ஆண்டின் நிவாரணம் 1,200,000 ரூபாய். 500,000 ரூபாய்க்கு ஒரு படியாக 6, 12, 18, 24, 30, அதற்கு மேல் 36 வீதம்.

கூடப் பிடிபடும் சந்தர்ப்பங்களில் மிகச் சாதாரணமானது ஆண்டின் நடுவில் வேலையை விடுவது. மாதம் 300,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முற்பண தனியாள் வருமான வரியாக, அதாவது எல்லோரும் ஏபிஐடி என்று சொல்வதாக, மாதம் 18,500 ரூபாய் பிடிபடும். அந்த அட்டவணை அவர் 12 மாதமும் இதே சம்பளம் வாங்குவார் என்ற கணக்கில் போடப்பட்டது. அவர் செப்டெம்பர் கடைசியில் வேலையை விட்டு, மார்ச் வரை வேறு வருமானம் இல்லாமல் இருந்தால் ஆண்டின் மொத்தம் 1,800,000 ரூபாய். நிவாரணத்துக்குள் அடங்கிவிட்டது. வரி பூச்சியம். பிடிபட்ட 111,000 ரூபாயும் முழுதாக அவருக்கே வரவேண்டியது. படிக்கப் போனவர்கள், பிள்ளைப்பேற்றுக்காகச் சம்பளமற்ற விடுமுறையில் நின்றவர்கள், வெளிநாடு போனவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது நிலையான வைப்பு. 2025 ஏப்ரலிலிருந்து வட்டிக்கு 10 வீதம் பிடிக்கிறார்கள். அதற்கு முன் 5 வீதம். அரச ஓய்வூதியத்தோடு ஆண்டுக்கு 640,000 ரூபாய் வட்டி பெறும் ஒருவரை எடுங்கள். அரச ஓய்வூதியத்துக்கு வரிவிலக்கு உண்டு. வட்டி நிவாரணத்துக்குள் வருகிறது. வங்கி பிடித்த 64,000 ரூபாயும் மீளளிப்புக்குரியது, அதாவது திருப்பித் தரவேண்டியது.

வீட்டு வாடகையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு மாடியை ஒரு கம்பனிக்கு மாதம் 120,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால், மாத வாடகை 100,000 ரூபாயைத் தாண்டுவதால் கம்பனி 10 வீதம் நிறுத்திவைத்துவிட்டு 108,000 ரூபாய்தான் தரும். ஆண்டு வாடகை 1,440,000, பிடிபட்டது 144,000. ஆனால் வாடகை வருமானத்தில் 25 வீதம் தனி நிவாரணமாகக் கழியும், அதாவது 360,000 ரூபாய். திருத்த வேலைச் செலவைத் தனியாகக் காட்டிக் கழிக்காவிட்டால்தான் இது கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. மிஞ்சும் 1,080,000 ரூபாயோடு வேறு வருமானம் 720,000 ரூபாய் வரை இருந்தாலும் வரி இல்லை. மருத்துவர்கள், விரிவுரையாளர்கள் போன்றோரின் மாதச் சேவைக் கட்டணம் 100,000 ரூபாயைத் தாண்டும்போது பிடிபடும் 5 வீதமும் இதே வகைதான்: அது இறுதி வரி இல்லை, முற்பணம்.

கூரையில் சோலார் போட்டவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள். உங்கள் வீட்டில் பொருத்தி, தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த சூரியப் படல்களுக்குச் செய்த செலவில் ஓர் ஆண்டுக்கு 600,000 ரூபாய் வரை நிவாரணமாகக் கேட்கலாம். வங்கிக் கடனில் போட்டிருந்தால் அந்தக் கடனுக்காக வங்கிக்குக் கட்டும் தொகை அந்த எல்லைக்குள் கணக்கில் வரும். சம்பளத்தில் ஏபிஐடி பிடிக்கும் அட்டவணை இதைப் பார்ப்பதே இல்லை. ஆகவே சோலார் போட்ட சம்பளக்காரர் விவரத்திரட்டு, அதாவது ஆண்டு வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவம், அனுப்பினால்தான் அந்தக் காசைக் காண்பார். மாதம் 300,000 ரூபாய் சம்பளத்தை ஆண்டு முழுவதும் வாங்குபவருக்கு 222,000 ரூபாய் வரி பிடிபட்டிருக்கும். 600,000 ரூபாய் நிவாரணத்தைக் கழித்தால் வரிக்குரியது 1,200,000 ரூபாய். முதல் 1,000,000 ரூபாய்க்கு 60,000, மிச்சம் 200,000 ரூபாய்க்கு 18 வீதத்தில் 36,000, ஆக 96,000 ரூபாய் வரி. திரும்ப வருவது 126,000. மின்கட்டணம் குறைந்த சந்தோஷத்தில் இதை மறந்தவர்கள் எத்தனை பேரோ. பொருத்திய நிறுவனத்தின் பற்றுச்சீட்டு வரி கேட்பவரின் பெயரில் இருக்க வேண்டும். வீடு அப்பாவின் பெயரில், பற்றுச்சீட்டு அம்மாவின் பெயரில், நிவாரணம் மகன் கேட்கிறார் என்றால் அந்தக் கோப்பு நகராது.

காலாண்டுத் தவணை கட்டுகிறவர்களும் கூடக் கட்டிவிடுவதுண்டு. ஆகஸ்ட் 15இல் கொடுத்த மதிப்பீட்டில் நல்ல வியாபாரம் என்று போட்டு, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று அதே தொகையைக் கட்டிக்கொண்டே போவார்கள். வியாபாரம் விழுந்தாலும் மதிப்பீட்டைத் திருத்த மாட்டார்கள். திருத்தியிருந்தால் மீளளிப்புக்கு அலைய வேண்டியதே இல்லை.

இனிக் கடதாசி. இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் மாட்டுகின்றன. வேலை தந்தவரிடமிருந்து டி-10 சான்றிதழ் வேண்டும். அதில் உங்கள் மொத்த ஊதியமும் பிடித்த வரியும் இருக்கும். ஆண்டுக்குள் இரண்டு இடத்தில் வேலை செய்திருந்தால் இரண்டு டி-10. விட்டுவந்த கந்தோரில் இதைக் கேட்கச் சங்கடப்படுகிறார்கள்; சம்பளச் சீட்டுகள் இருக்கின்றனவே என்கிறார்கள். சம்பளச் சீட்டு டி-10க்கு ஈடாகாது. வேலையை விடும்போதே, கடைசிச் சம்பளத்தோடு கேட்டு வாங்குவது நல்லது. வங்கியிலிருந்தும் வாடகைக்காரரிடமிருந்தும் நிறுத்திவைத்த வரிச் சான்றிதழ் வேண்டும். ஒரே வங்கியில் மூன்று வைப்பு இருந்தால் மூன்றும் சான்றிதழில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் அதைக் கோப்பில் போடாதீர்கள். மேசையில் விரித்து நான்கு விடயங்களைப் பாருங்கள்: டின் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பெயர், காலம்.

டின் என்பது வரி கட்டுபவரை அடையாளம் காணத் திணைக்களம் தரும் 9 இலக்க எண். கணக்குத் திறந்த காலத்தில் டின் இல்லாதவர்களின் வரியை வங்கி அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் அனுப்பியிருக்கும். பழைய அட்டை 9 இலக்கமும் ஓர் எழுத்தும். புதிய அட்டை 12 இலக்கம். வங்கியில் பழையது, திணைக்களத்தில் புதியது என்றிருந்தால் உங்களிடம் பிடித்த வரி உங்கள் கோப்பில் தெரியாமல் போகலாம். டின் எடுத்தவுடன் ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுத்துப் பதிவிக்கச் சொல்லுங்கள்.

பெயர்ப் பிரச்சினை நம்மவர்களுக்கே உரிய தலையிடி. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் அப்பாவின் பெயர் ஒருவருக்கு முதலெழுத்தாக நிற்கும், வேறோர் ஆவணத்தில் முழுதாக விரிந்திருக்கும். கல்யாணமான பெண்ணின் வங்கிக் கணக்கு அப்பாவின் முதலெழுத்தில், வேலைக் கோப்பு கணவரின் பெயரோடு, அடையாள அட்டை இன்னொரு விதமாக. ஆங்கில எழுத்துக்கூட்டலில் கந்தோருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று விளங்கும், கணினிக்கு விளங்காது. திணைக்களத்தில் பதிந்த பெயரை அடையாள அட்டையின்படி எழுத்துப் பிசகாமல் வைத்து, மற்ற இடங்களை அதற்கேற்பத் திருத்துவதுதான் வழி. திருத்த நேரமில்லை என்றால் கல்யாணச் சான்றிதழின் பிரதியையாவது தயாராக வைத்திருங்கள். குறிப்பாக, மீளளிப்பு வரவேண்டிய வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பிள்ளையின் கணக்கைக் கொடுத்து வேலை இல்லை.

காலம் என்பது மார்ச் 31ஆம் திகதிக் கோடு. சம்பளத்துக்கும் வட்டிக்கும் தனிநபர் ஒருவர் காசு கைக்கு வந்த திகதியைத்தான் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் போட்ட ஓராண்டு வைப்பின் வட்டி 2026 ஜூனில் முதிர்வோடு வந்தால், அது முழுதும் 2026/2027இன் வருமானம், பிடித்த வரியும் அந்த ஆண்டினது. மார்ச் வரை சேர்ந்திருக்கும் என்று தாங்களே ஒரு தொகையைப் பிரித்துப் போடுபவர்களின் எண் வங்கியின் எண்ணோடு ஒருபோதும் ஒத்துவராது.

கூட்டுக் கணக்கில் சான்றிதழ் வழக்கமாக முதற் பெயருக்கே வரும். வட்டியைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக் காட்டினால் வரிவரவையும், அதாவது ஏற்கெனவே பிடிபட்ட வரிக்குக் கேட்கும் வரவையும், அதே விகிதத்தில் பங்கிட வேண்டும். வட்டியில் பாதி, வரிவரவு முழுவதும் எனக்கு என்றால் கேள்வி வரும், அது நியாயமும்தான்.

விவரத்திரட்டைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில், ராமிஸ் என்ற முறைமைக்குள் போய் நிரப்புகிறோம். ஒரே ஒரு முதலாளி, ஏபிஐடி முழுதும் பிடித்தாயிற்று, வேறு வருமானம் இல்லை என்பவருக்கு விவரத்திரட்டு அனுப்பும் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் மீளளிப்பு வேண்டுமென்றால் அவரும் அனுப்பியாக வேண்டும். டின் இல்லாமல் உள்ளே போக முடியாது. டின் எடுக்கும்போது கொடுக்கும் கைப்பேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். தகவல் நிலையக்காரரின் மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, பிறகு கடவுச்சொல் மாற்ற வழியில்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. பதிந்து தருகிறேன், மீளளிப்பில் இத்தனை வீதம் எனக்கு என்று வரும் இடைத்தரகரிடம் உள்நுழையும் இரகசிய (PIN) இலக்கத்தைக் கொடுப்பது வீட்டுத் திறப்பைக் கொடுப்பதற்குச் சமம்.

நிரப்பும்போது அதிகம் நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, நிகரத் தொகையை வருமானமாகப் போடுவது. மேலே சொன்ன ஓய்வூதியக்காரரின் சேமிப்புப் புத்தகத்தில் 576,000 ரூபாய் வட்டி என்றுதான் இருக்கும், ஏனென்றால் 64,000 ரூபாய் ஏற்கெனவே பிடிபட்டாயிற்று. வருமானப் பெட்டியில் 640,000 வரவேண்டும்; வரிவரவு அட்டவணையில் 64,000. வாடகைக்கும் அப்படியே: 108,000 இல்லை, 120,000. இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்திலிருந்து போகும் 8 வீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சம்பளமாகக் காட்டுவது. நம் சட்டத்தில் அந்த 8 வீதத்துக்குக் கழிவு கிடையாது. டி-10இல் உள்ள மொத்த ஊதியத்தையே போடுங்கள்.

வரிவரவு அட்டவணையில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு வரிசை: பிடித்தவரின் டின், சான்றிதழ் இலக்கம், மொத்தத் தொகை, பிடித்த வரி. நான்கு வங்கியின் தொகைகளைக் கூட்டி ஒரே வரிசையில் போட்டால் அதைச் சரிபார்க்கும் அலுவலருக்கு எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாது. சதத்தைக்கூடச் சான்றிதழில் உள்ளபடியே பாருங்கள்.

விவரத்திரட்டோடு சொத்துக்களும் பொறுப்புக்களும் பற்றிய கூற்று ஒன்றும் உண்டு. பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். ஆண்டுக்கு 640,000 ரூபாய் வட்டிக்கு வரிவரவு கேட்கிறவர், அந்த வட்டியைத் தந்த 80 இலட்சத்தைச் சொத்துக்களில் காட்டாமல் விட்டால் மீளளிப்பு நிற்பது மட்டுமில்லை, வேறு கேள்விகளும் தொடங்கும். காணி விற்ற உறுதி, சேமலாப நிதி பெற்ற கடிதம், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசின் வங்கிக் கூற்று என்று அந்தப் பணம் வந்த வழியைக் காட்டும் ஆவணத்தை இப்போதே தேடி வையுங்கள். ஒழுங்கான வழியில் வந்த காசுக்குப் பயப்பட எதுவுமில்லை. மார்ச் 31இல் உள்ள மீதிக்கு வங்கியிடம் உறுதிக் கடிதம் ஒன்று வாங்கினால் கூற்றை நிரப்புவது இலகு.

கடைசித் திகதி நவம்பர் 30. 2025/2026 ஆண்டுக்கு 2026 நவம்பர் 30. விவரத்திரட்டு அனுப்பக் கட்டாயமுள்ளவர் பிந்தினால், வரி பாக்கி ஒரு சதமும் இல்லாவிட்டாலும் குற்றப்பணம் 50,000 ரூபாயில் தொடங்கி மாதத்துக்கு 10,000 ரூபாயாக ஏறும். உச்சம் 400,000 ரூபாய். 64,000 ரூபாய் மீளளிப்புக்கு இது கட்டுபடியாகாது. மீளளிப்புக் கேட்கச் சட்டம் நான்கு ஆண்டு தருகிறது என்பது உண்மை. அதை நம்பி விவரத்திரட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

மேலதிகத் தொகையைத் திருப்பித் தரக் கேட்கலாம், அல்லது அடுத்த ஆண்டு வரிக்கு வரவாக வைக்கலாம். அடுத்த ஆண்டும் நிச்சயம் வரி கட்டப்போகிறவர்களுக்கு, தொகை சின்னது என்றால், வரவாக வைப்பதுதான் தொல்லை குறைந்த வழி. ஓய்வுபெற்றவர்களுக்கு அதில் பயனில்லை. அடுத்த ஆண்டும் அவர்களுக்கு வரி வராது, வரவு மேல் வரவாகச் சேர்ந்துகொண்டே போகும். காசாகக் கேளுங்கள்.

அனுப்பியவுடன் வரும் ஏற்பு இலக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பிறகு காத்திருப்பு. திணைக்களத்திலிருந்து ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் அது நல்ல அறிகுறி, கோப்பை யாரோ திறந்திருக்கிறார்கள். கேட்டதைக் கேட்ட ஒழுங்கில், ஒரு முகப்புக் கடிதத்தோடு கொடுங்கள். கடிதத்தில் டின், வரிமதிப்பாண்டு, கேட்கும் தொகை மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம். கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள தலைமையகத்தில் நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். 1944க்கு அழைத்து விசாரிக்கலாம். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தெளிவான பிரதி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு நகராவிட்டால் பெரும்பாலும் காரணம் மறுபக்கத்தில். வேலை தருபவர் பிடித்த ஏபிஐடியை அடுத்த மாதம் 15க்குள் கட்ட வேண்டும், ஆண்டுக் கூற்றை ஏப்ரல் 30க்குள் கொடுக்க வேண்டும். சின்னக் கம்பனிகள் சில பிடிப்பார்கள், கட்டத் தாமதிப்பார்கள். அல்லது கட்டிவிட்டு ஆண்டுக் கூற்றில் உங்கள் பெயரை விட்டிருப்பார்கள். உங்கள் டி-10இல் ஒரு தொகை, திணைக்களத்தின் திரையில் வேறு தொகை. அப்போது திணைக்களத்தில் நின்று வாதாடுவதைவிட முன்னாள் கந்தோரின் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டு, திருத்திய கூற்றை அனுப்ப வைப்பதே விரைவான வழி. சம்பளச் சீட்டுகள் அந்த நேரத்தில்தான் கைகொடுக்கும்.

பழைய வரி பாக்கி ஏதும் உங்கள் பெயரில் இருந்தால் மீளளிப்பு முதலில் அதற்குப் போகும். மிச்சம்தான் கைக்கு வரும். மூடிவிட்ட வியாபாரம் ஒன்றின் பெயரில் பாக்கி தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கோரிக்கையைக் குறைத்து மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால், ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்க 30 நாள்தான் உண்டு. அதிலும் திருப்தி இல்லையென்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது.

நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. மீளளிப்பு வந்து சேரும்வரை ஓர் இலங்கை வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள். இங்குள்ள கைப்பேசி இலக்கமும் உயிரோடு இருக்க வேண்டும். உள்நுழையக் கேட்கும் ஓடிபி அதற்குத்தான் வரும். உங்களுக்காகக் கந்தோர் ஏறி இறங்க ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வட்டி வருமானத்தில் மட்டும் வாழ்கிறவர்கள் அடுத்த ஆண்டுக்கு இந்தச் சுற்றையே தவிர்க்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து, ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாயைத் தாண்டாத வதிவாளர் வங்கிக்குச் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வங்கி வட்டியில் வரி பிடிக்காது. டின் வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு வரிமதிப்பாண்டுக்கும் புதிதாக, ஏப்ரல் பிறந்ததும் கொடுங்கள். ஓகஸ்டில் கொடுத்தால் அதற்கு முன் பிடித்ததற்கு மீண்டும் மீளளிப்புப் பாதைதான். எல்லா வங்கி வட்டியையும் வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்; ஒவ்வொரு வங்கியிலும் எல்லைக்குள் இருக்கிறதே என்று நினைத்துப் பிரகடனம் கொடுத்து, மொத்தம் எல்லையைத் தாண்டியிருந்தால் அது பொய்ப் பிரகடனமாகிவிடும்.